ஹிட்லர் ஏழைகளுக்குக் கார் கொடுத்தாரா? வொல்ஃப்ஸ்பர்க் ஃபேக்டரி பற்றிய கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஹிட்லர் சாதாரண மக்களுக்கு மலிவு விலையில் கார் கொடுத்தார், அதற்காகக் கட்டிய ஃபேக்டரிதான் இன்றைய ஃபோக்ஸ்வேகன் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா? அதை இப்போது மூடப் போகிறார்களாமே?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய் முடியும், அதனால் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

அந்த ஃபார்வர்டில் பாதி உண்மை. ஃபேக்டரியைக் கட்டியது நாஜி ஆட்சிதான். 1938 மே 26 அன்று, ஃபாலர்ஸ்லேபன் என்ற ஊருக்குப் பக்கத்தில் (இன்று வொல்ஃப்ஸ்பர்க் என்கிறோமே, அந்த இடம்தான்), மிட்டல்லாண்ட் கால்வாய்க் கரையில் ஹிட்லரே வந்து அடிக்கல் நாட்டினார். காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர். நாம் பீட்டில் என்று சொல்கிறோமே, அந்த வண்டு மாதிரி உருண்டையான கார். விலை 990 ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) என்று அறிவித்தார்கள். கையில் மொத்தப் பணம் இல்லாதவர்கள் சீட்டுக் கட்டுவது போல வாராவாரம் 5 ரைஷ்மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒரு அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும், வட்டி கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 198 வாரம், கிட்டத்தட்ட நாலு வருஷம். இப்படி 3 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் ஸ்டாம்ப் ஒட்டினார்கள்.

அவர்களில் எத்தனை பேருக்குக் கார் கிடைத்தது தெரியுமா? ஒருவருக்குக்கூட இல்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது, ஃபேக்டரி ராணுவத்துக்குப் போய்விட்டது. ஹிட்லர் காலத்தில் அங்கே செய்த சாதாரண கார்கள் சில நூறுதான், அவையும் பதவியில் இருந்தவர்கள் கைக்குப் போயின. மீதியெல்லாம் கூபல்வாகன் என்ற ராணுவ ஜீப், அது மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல், அப்புறம் தண்ணீரில் மிதக்கும் வண்டி, வி-1 பறக்கும் குண்டுக்கான பாகங்கள். ஸ்டாம்ப் ஒட்டியவர்கள் போருக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போய், வழக்கு 1961 வரை இழுத்தது. கடைசியில் கிடைத்தது, புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, கார் வேண்டாம் என்றால் கையில் 100 மார்க். அவ்வளவுதான். "கார் கொடுத்தார்" என்று எழுதுகிறவர்கள் இந்த அட்டைகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம், யார் அங்கே வேலை செய்தார்கள் என்பது. போர்க் காலத்தில் சுமார் 20 ஆயிரம் பேர் கட்டாய உழைப்பாளிகளாக அங்கே கொண்டுவரப்பட்டார்கள். போலந்திலிருந்தும் சோவியத்திலிருந்தும் பிடித்து வந்தவர்கள், போர்க் கைதிகள், வதை முகாம் கைதிகள். இப்படிக் கொண்டுவரப்பட்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு விடுதியில் வைத்தார்கள், பிறகு அதை ரூயன் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அழுக்கு, நோய், சரியான பால் இல்லை, கவனிப்பு இல்லை, 300-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் செத்துப்போயின. பொறுப்பில் இருந்த ஃபேக்டரி டாக்டருக்குப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்து 1947-ல் நிறைவேற்றியது. ஃபார்வர்டு அனுப்பிய நண்பருக்குத் திருப்பி ஏதாவது அனுப்புவதாக இருந்தால் முதலில் இதை அனுப்புங்கள்.

அப்படியானால் இன்று நமக்குத் தெரிந்த ஃபோக்ஸ்வேகன் எப்போது தொடங்கியது? என்னைக் கேட்டால் 1945 டிசம்பர் 27. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது, பிறகு அந்தப் பகுதி பிரிட்டிஷ்காரர்கள் கைக்குப் போனது. ஃபேக்டரி குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. ஐவன் ஹர்ஸ்ட் என்ற மேஜர், ராணுவப் பொறியாளர், அங்கே பொறுப்புக்கு வந்தார். ஒரு பீட்டிலுக்கு ராணுவப் பச்சை அடித்து மேலதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அவர்களுக்கோ வண்டி இல்லாத தட்டுப்பாடு, 20 ஆயிரம் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. அந்த ஆர்டர் வராமல் இருந்தால் மெஷின்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், கதை அங்கேயே முடிந்திருக்கும். டிசம்பர் 27-ல் தொடர் உற்பத்தி ஆரம்பித்தது, ஆண்டு முடிவதற்குள் செய்த கார் 55. நிலக்கரி இல்லை, இரும்புத் தகடு இல்லை, தொழிலாளிக்குச் சாப்பாடே சரியாக இல்லை, அந்த நிலையில் செய்த 55. ஊருக்கு வொல்ஃப்ஸ்பர்க் என்ற பெயரே 1945-ல்தான் வந்தது, பக்கத்தில் இருந்த கோட்டையின் பெயர் அது.

1948-ல் ஹைன்ரிஷ் நார்ட்ஹாஃப் தலைவரானார், அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது பீட்டில், 1962 முதல் இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள், 1974-ல் வொல்ஃப்ஸ்பர்க்கில் பீட்டிலை நிறுத்திவிட்டு கோல்ஃப் என்ற புது மாடல் கார்.

உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேக்டரியின் பரப்பு சுமார் 6.5 சதுர கிலோமீட்டர், மொனாக்கோ என்று ஒரு குட்டி நாடு இருக்கிறதே, அதைப் போல மூன்று மடங்கு. எஃகுத் தகடு பெரிய பெரிய சுருளாக வந்து இறங்கும், பிரஸ் ஷாப்பில் கதவாகவும் கூரையாகவும் அழுத்தி எடுப்பார்கள், பாடி ஷாப்பில் ரோபோக்கள் வெல்டிங் செய்யும், அப்புறம் பெயிண்ட், கடைசியில் அசெம்பிளி. அசெம்பிளியில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே பாடி தொங்கிக்கொண்டு வரும், கீழே ஒரு தட்டில் இன்ஜினும் கியர்பாக்ஸும் அச்சும் சேர்ந்து வரும், கீழே இருப்பது மெதுவாக உயர்ந்து மேலே இருப்பதோடு பொருந்தும், போல்ட் முறுக்கப்படும். இதற்கு ஜெர்மன் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோக்சைட்'. அப்படியென்றால் கல்யாணம்.

அப்புறம் கேன்டீன். 1973-லிருந்து ஃபேக்டரிக்குள்ளேயே சொந்தமாக சாசேஜ் செய்கிறார்கள். அதற்கு ஒரு உதிரிபாகத்துக்கு இருப்பது போலவே பார்ட் நம்பர் உண்டு, 199 398 500 ஏ. ஒரு ஆண்டில் விற்ற காரைவிட விற்ற சாசேஜ் அதிகம் என்று பல முறை கணக்கு வந்திருக்கிறது. கால்வாய் ஓரமாக நாலு புகைபோக்கியோடு நிற்கும் மின்நிலையமும் ஃபேக்டரியுடையதுதான். ஊரில் வீடுகளுக்குச் சூடு போவதும் அங்கிருந்துதான். ஊர் வேறு, ஃபேக்டரி வேறு என்று அங்கே பிரித்துப் பார்க்கவே முடியாது.

இப்போது மூடுவது பற்றிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஃபேக்டரி கட்டிய பணத்துக்கே திரும்பிப் போக வேண்டும். 1933-ல் நாஜிகள் தொழிற்சங்கங்களைக் கலைத்து அவற்றின் சொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஃபேக்டரி கட்ட அந்தப் பணம்தான் போனது. அதனால் போருக்குப் பிறகு, இது எங்கள் பணம் என்று சங்கங்கள் உரிமை கேட்டன. 1960-ல் கம்பெனியின் பெரும்பகுதிப் பங்குகளைத் தனியாருக்கு விற்க முடிவானபோது அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். புது ஃபேக்டரி திறக்கவோ ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றவோ நிர்வாகத்துக்கு மேலே இருக்கும் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அந்தக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. வொல்ஃப்ஸ்பர்க் இருக்கும் லோயர் சாக்சனி மாநில அரசின் கையிலும் கம்பெனியின் 20 சதவீத ஓட்டு இருக்கிறது. அதாவது தொழிலாளர்களை மீறி நிர்வாகம் தனியாக ஒரு பூட்டுப் போட முடியாது. 1993-ல் விற்பனை படுத்தபோதுகூட, ஆட்களை அனுப்பாமல் வார வேலையை 28.8 மணி நேரமாகக் குறைத்து, சம்பளத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சுமார் 30 ஆயிரம் வேலைகளைக் காப்பாற்றினார்கள்.

2024-ல் மறுபடி நெருக்கடி வந்தது, ஜெர்மனியில் சில ஃபேக்டரிகளை மூடலாம் என்று நிர்வாகம் பேசியதும் உண்மை. ஸ்ட்ரைக் நடந்தது, டிசம்பரில் உடன்பாடு வந்தது. அதன்படி 2030-க்குள் ஜெர்மனி முழுக்க 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் குறையும், ஆனால் கட்டாயப் பணிநீக்கம் இல்லை. வொல்ஃப்ஸ்பர்க்கில் நாலு அசெம்பிளி லைன் இரண்டாகும், பெட்ரோல், டீசல் கோல்ஃப் மெக்சிகோவில் இருக்கும் பியூப்லா ஃபேக்டரிக்குப் போகும், பின்னால் எலெக்ட்ரிக் கோல்ஃப் இங்கே வரும். 2015-ல் 8 லட்சம் காருக்கு மேல் செய்த இடத்தில் இன்று எண்ணிக்கை நன்றாகவே இறங்கிவிட்டது. ஆக, வொல்ஃப்ஸ்பர்க்கை மூடவில்லை, சுருக்குகிறார்கள். சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.