15 வாட்ஸ் தான், ஆனா நெசமான 15 வாட்ஸ்: பழைய கம்பியூட்டர் பவர் சப்ளை பெட்டிக்குள்ள ஒரு ஆம்ப்

வணக்கம் மக்களே, மழை தகரத்துல கொட்டுது, மைக்க வாய்க்கிட்ட வச்சிக்கிட்டுத் தான் பேசுறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தலவாக்கலைல ஜூன் ஜூலைனா இப்டித் தான், பண்டாரவள பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்நேரம் வெயிலடிக்கும், குடுத்து வச்சவங்க.

சரி விஷயத்துக்கு வருவோம். இந்தா இந்தப் பெட்டி தான். பாத்தவொடனே தெரியும், பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையோட கூடு, 15 சென்டிமீட்டர் அகலம், 14 நீளம், உயரம் ஒம்பது கூட இல்ல. உள்ள இருந்ததயெல்லாம் கழட்டிட்டு வெறும் இரும்புப் பெட்டிய மட்டும் எடுத்துக்கிட்டேன், பின்னால பவர் சொக்கட்டும் சுவிட்சும் அதுலயே இருக்கு, காத்து போற ஓட்டையும் இருக்கு, புதுப் பெட்டி வாங்குற காசு மிச்சம். இதுக்குள்ள ஸ்டீரியோ ஆம்ப், அதாவது சத்தத்த பெருக்கி ஸ்பீக்கருக்கு குடுக்கிற ஆம்ப்ளிஃபையர், ட்ரான்ஸ்ஃபோமர், எல்லாமே அடங்கிருச்சு.

எத்தன வாட்ஸுனு தான மொதல்ல கேப்பீங்க? ஒரு பக்கத்துக்கு 15. சிரிக்காதீங்க. கடையில சின்னப் பெட்டிய வச்சிக்கிட்டு பிஎம்பிஓ 1200 வாட்ஸுனு, விளம்பரத்துக்கு ஊதிக் காட்டுற கணக்கு, எழுதியிருப்பான், பின்னால திருப்பி அடாப்டர பாத்தீங்கன்னா 12 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது உள்ள போறதே 24 வாட்ஸ், வெளிய எப்டிங்க 1200 வரும்? அதனால ஒரு ஆம்ப பாத்தா எத்தன வாட்ஸுனு கேக்காம சப்ளை எத்தன வோல்ட், எத்தன ஆம்பியர்னு கேளுங்க, மிச்சத்த நீங்களே கணக்கு பண்ணிக்கலாம். இன்னொன்னு, வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்காகாது, 3 டெசிபல் தான் ஏறும். என்கிட்ட இருக்கிற ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர்ல 88 டெசிபல், 15 வாட்ஸ் குடுத்தா 100 கிட்ட வருது, 30 குடுத்தா 103. அந்த 3 டெசிபலுக்காக பெரிய ட்ரான்ஸ்ஃபோமர், பெரிய ஹீட்சிங்க் (சூட்ட இழுத்து காத்துல விடுற உலோகத் துண்டு), பெரிய பெட்டினு போகணும். நம்ம லயத்து வீட்டுக்கு இது எதுக்கு சொல்லுங்க, நடுச்செவரு கூரை வரைக்கும் கூடப் போகாது, நான் பாட்டு போட்டா கடைசி வீட்டு அக்கா பாட்ட மாத்தச் சொல்லி அங்க இருந்தே சத்தம் போடுவாங்க.

சத்தத்த பெருக்குற சிப், அதாவது ஐசி, வந்து எல்எம் 1875. அஞ்சு கால். டிடிஏ 2030, டிடிஏ 2050 இதெல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க, மூணுக்கும் ஒரே கால் வரிசை தான், மொதல் காலும் ரெண்டாவது காலும் இன்புட், மூணு மைனஸ், நாலு அவுட்புட், அஞ்சு ப்ளஸ். அதுல தான் ஏமாத்துறாங்க, 2030 மேல இருக்கிற எழுத்த அழிச்சிட்டு 1875னு அடிச்சு விக்கிறான். எங்கனு பேர் சொல்லல, எனக்கும் ரெண்டு வந்திச்சு. கண்டுபுடிக்கிறது லேசு. சப்ளைய கம்மியா, ப்ளஸ் மைனஸ் 15 வோல்ட்ல (நடு வயர்ல இருந்து ஒரு பக்கம் ப்ளஸ் 15, மறு பக்கம் மைனஸ் 15, மொத்தம் 30) வச்சு, பாட்டு எதுவும் போடாம சும்மா எத்தன கரண்ட் இழுக்குதுனு மீட்டர்ல பாருங்க. நெசமான 1875 ஒரு 70 மில்லிஆம்ப் கிட்ட இழுக்கும், 2030 ஒரு 40 தான் இழுக்கும். என்னோட ரெண்டும் 41, 43. ஒதுக்கி வச்சிட்டேன். ஏன் இத பாக்கணும்னா 1875 மொத்தமா 60 வோல்ட் தாங்கும், சாதா 2030க்கு 36 தான், தெரியாம ப்ளஸ் மைனஸ் 25 குடுத்தீங்கன்னா பட்டுனு ஒரு சத்தம், அவ்ளோதான், மூஞ்ச கிட்ட வச்சிக்கிட்டு பாக்காதீங்க.

ட்ரான்ஸ்ஃபோமர் 15-0-15, 3 ஆம்பியர். 18-0-18 போட்டா இன்னும் பவர் வருமேனு கேப்பீங்க, வரும், ஆனா 18ஐ ரெக்டிஃபை பண்ணினா, அதாவது ஏசிய டிசியா மாத்தினா, 25ங்கிறது லோட் இருக்கும்போது (ஆம்ப் கரண்ட் இழுக்கும்போது), லோட் இல்லாம அது 28 வரைக்கும் போகும், ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எங்க லைன்ல வோல்ட்டேஜ் ஏறி நிக்கும்போது, அந்த 60ல பாதி, ஒரு பக்கத்துக்கு 30ங்கிற எல்லை கிட்ட போயிரும். எனக்கு அந்த ரிஸ்க் வேணாம். 15-0-15ல சும்மா இருக்கும்போது ப்ளஸ் மைனஸ் 22.5, லோட் ஏத்தினா 20, நிம்மதியா இருக்கலாம். கெப்பாசிட்டர் ஒரு பக்கத்துக்கு 4700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட். பியூஸ் 1 ஆம்பியர், ஸ்லோ டைப், இத விட்டுட்டு நேரடியா வயர முறுக்காதீங்க. விலை சொல்லுங்கனு கேக்காதீங்க, நான் இப்ப சொல்ற விலை நீங்க வீடியோ பாக்கும்போது பொய்யாயிரும். பார்ட்ஸுக்கு கொழும்பு போறீங்கன்னா புறக்கோட்டை 1ஆம் குறுக்குத் தெரு, தெரிஞ்சது தானே.

இப்ப நான் ரொம்ப நேரம் செலவழிச்ச இடத்துக்கு வரேன், இரைச்சல். பெரிய பெட்டினா ட்ரான்ஸ்ஃபோமர ஒரு மூலையில போட்டு போர்ட மறு மூலையில போடலாம், இதுல எல்லாம் ரெண்டு விரல் தூரம். ட்ரான்ஸ்ஃபோமர சுத்தி காந்தப் புலம் வரும், அது இன்புட் வயர்ல ஏறிச்சுனா ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு அடிவயித்து சத்தம், அது 50 ஹெர்ட்ஸ். அதனால ஓட்டை போடுறதுக்கு முன்னால ஒரு வேலை செஞ்சேன், பாருங்க, க்ளோசப்ல காட்டுறேன். 230 வோல்ட் வர்ற முனையெல்லாம் ஸ்லீவ் போட்டு மூடி, டேப் சுத்தி, ஒரு துளி செம்பு கூட வெளிய தெரியாம பண்ணியாச்சு. ட்ரான்ஸ்ஃபோமர் ஸ்க்ரூ போடாம சும்மா உக்காந்திருக்கு. ஸ்பீக்கர்ல காத வச்சிக்கிட்டு ஒரு மரக்குச்சியால ட்ரான்ஸ்ஃபோமர மெதுவா திருப்புறேன்... கேக்குதா, இப்ப சத்தமா இருக்கு... இப்ப கொறையுது... இன்னும் கொஞ்சம்... இந்தா இங்க போயிருச்சு. இன்னும் ரெண்டு டிகிரி போனா மறுபடி வருது. அந்த இடத்துல பென்சிலால கோடு போட்டு, கரண்ட கழட்டிட்டு, அதுக்கப்புறம் தான் ட்ரில் பண்ணினேன். ட்ரான்ஸ்ஃபோமர் பெட்டிக்குள்ள கோணலா நிக்குதே, என்ன தம்பி இப்டி வச்சிருக்கேனு யாரும் கேக்காதீங்க, காது சொன்ன எடம் அது.

அப்றமும் ஒரு இரைச்சல் மிஞ்சுச்சு, ஆனா இது வேற, வண்டு மாதிரி ர்ர்ர்னு கூர்மையா இருந்திச்சு, அது 100 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையர்ல இருந்து வர்றது. சத்தத்த வச்சே எங்க தேடணும்னு தெரிஞ்சிரும், 50னா ட்ரான்ஸ்ஃபோமர், இல்லனா எர்த் லூப் (எர்த் ரெண்டு வழியா சுத்தி இணையிறது), 100னா பெரும்பாலும் கிரவுண்ட் வயர், அதாவது எல்லாத்துக்கும் பொதுவான சீரோ வோல்ட் வயர், போன வழி. கெப்பாசிட்டருக்கு சார்ஜ் ஏறும்போது நடு வயர்ல பெரிய கரண்ட் விட்டு விட்டு ஓடும், ஸ்பீக்கர் திரும்பி வர்ற கரண்டும் அதே, அந்த வயர்லயே இன்புட் கிரவுண்டையும் ஈயத்தால பத்தினா, ஒரே பீலில மேல ஒருத்தர் துணி தொவைக்க கீழ ஒருத்தர் குடிக்கத் தண்ணி புடிச்ச கதை தான். அதனால ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல இருந்து குட்டியா ஒரு தடிச்ச வயர் எடுத்து ஒரு போல்ட்டுக்கு கொண்டு வந்தேன், ஸ்பீக்கர் கிரவுண்ட், போர்ட் கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் ஒவ்வொண்ணும் தனித்தனி வயரா அந்த போல்ட்டுக்கு. ர்ர்ர் நின்னிருச்சு. இப்ப வொலியூம் ஃபுல்லா வச்சு ஸ்பீக்கர் கிட்ட காத வச்சா மெல்லிசா ஒரு ஸ்ஸ் மட்டும் தான்.

எர்த் பத்தி ஒரு வார்த்த. இது இரும்புப் பெட்டி, எர்த் வயர் கட்டாயம் பெட்டில ஸ்க்ரூ போட்டு இறுக்கணும், இரைச்சல் போகுதுனு எர்த் பின்ன கழட்டி விடுற வேலையே வேணாம். பழைய லயங்கள்ல பிளக் பொயின்ட்ல மூணாவது ஓட்டை இருக்கும், பின்னால வயர் இருக்காது, அத கரண்ட் வேலை தெரிஞ்சவர வச்சு பாத்துக்கோங்க, ட்ரிப் சுவிட்ச்ல டெஸ்ட் பட்டன அமுக்கி விழுதானும் பாருங்க. இங்க மேல் கொத்மலைல 150 மெகாவாட் எடுக்குறாங்க, நம்ம வீட்டு எர்த் வயர் மட்டும் வந்து சேரல.

இனி மொதல் தடவ கரண்ட் குடுக்குறது. நேரடியா செருகாதீங்க. கோழிக்குஞ்சுக்கு சூடு காட்டுவாங்களே குண்டு பல்ப், 60 வாட்ஸ், அத சீரீஸ்ல போட்டு அது வழியா குடுங்க. எல்இடி பல்ப் ஆகாது, இழை பல்ப் தான் வேணும். போட்டவொடனே பளிச்சினு எரிஞ்சு மங்கினா சரி, கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுது. பளிச்சினே நின்னா எங்கயோ ஷோட், ஆஃப் பண்ணுங்க. ஸ்பீக்கர் இன்னும் மாட்டக் கூடாது. மீட்டர டிசில வச்சு ஸ்பீக்கர் முனைல பாருங்க, எனக்கு இடது பக்கம் 9 மில்லிவோல்ட், வலது பக்கம் 14. 50க்குள்ள இருந்தா கவலையே இல்ல. இதுல வோல்ட் கணக்குல காட்டினா ஸ்பீக்கர் சுருள் கருகிரும்.

அடுத்தது நெசப் பவர். ஸ்பீக்கருக்குப் பதிலா சிமெண்ட் ரெசிஸ்டர், 8.2 ஓம் 5 வாட்ஸ் நாலு, ரெண்டு ரெண்டா சீரீஸ்ல போட்டு பெரலல் பண்ணினா மறுபடி 8.2 ஓம் தான், ஆனா 20 வாட்ஸ் தாங்கும். போன்ல 100 ஹெர்ட்ஸ் டோன், ஏன்னா சாதா மீட்டர் 1000 ஹெர்ட்ஸ்ல ஏசிய சரியா காட்டாது. டிஎஸ்ஓ 138னு குட்டி ஸ்கோப் இருக்கு, அதுல அலை தெரியுது பாருங்க, நான் வொலியூம் ஏத்துறேன், ஏத்துறேன், இந்தா உச்சி தட்டையாகுது, கொஞ்சம் கொறைக்கிறேன், உருண்டை ஆயிருச்சு. மீட்டர்ல 11.1 வோல்ட். 11.1ஐ 11.1ஆல பெருக்கி 8.2ஆல வகுத்தா 15 வாட்ஸ். ரெண்டு பக்கத்தயும் ஒண்ணா ஓட்டினா சப்ளை கொஞ்சம் எறங்குது, 10.6, அதாவது 13.7 வாட்ஸ். இத யாரும் பெட்டில எழுத மாட்டாங்க, நான் எழுதிப் புட்டேன், பின்னால மார்க்கர்ல இருக்கு.

சூட்டுக்கு வருவோம். நெறைய பேரு ஃபுல் சத்தத்துல தான் ஐசி ரொம்ப சூடாகும்னு நெனக்கிறாங்க. இந்த ஐசி வேலை செய்யிற முறைக்கு கிளாஸ் ஏபினு பேரு, அதுல அப்டி இல்ல, நடுத்தர சத்தத்துல தான் சூடு அதிகம், இந்த வோல்ட்டேஜுக்கு அது அவுட்புட் 9 வோல்ட் கிட்ட, அப்ப ஒரு ஐசி 10 வாட்ஸ சூடாவே கக்கும், ரெண்டும் 20. அதே 9ல வச்சு அர மணித்தியாலம் விட்டேன். ஹீட்சிங்க் பழைய பென்டியத்தோடது, பெட்டிக்கு மேல வெளிய இருக்கு, ஃபேன் கிடையாது. ரூம் 18 டிகிரி, ஹீட்சிங்க் 55, அதாவது 37 ஏறிருக்கு. இதயே கொழும்புல 31 டிகிரில வச்சா 68, கை வைக்க ஏலாது, ஐசிக்கு உள்ள 110 கிட்ட இருக்கும், அதோட எல்லை 150, தாங்கும், ஆனா அங்க செய்யிறவங்க கொஞ்சம் பெரிய ஹீட்சிங்க் போடுங்க. ஐசியோட முதுகு மைனஸ் சப்ளைல இருக்கு, அதனால மைக்கா தாள், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷர், ரெண்டும் போட்டு மீட்டர்ல பீப் வரலைனு பாத்துட்டு தான் கரண்ட் குடுக்கணும்.

குளிரு நமக்கு சாதகம்னா மிஸ்ட்டு பாதகம். மூடுன ரூம்லயே ஈரம் ஏறி செம்பு பச்ச புடிச்சிரும். போர்ட்ல ஈயம் பத்தி முடிஞ்சதும் பேஸ்ட் கறைய ஸ்பிரிட்டால கழுவிட்டு, அடில கலர் இல்லாத கியூடெக்ஸ் ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன், தங்கச்சிக்கிட்ட கேட்டு தான் எடுத்தேன், அவ சொல்றது வேற.

வொலியூம் கொன்ட்ரோல் வாங்கும்போது 50 கே முன்னால ஏனு இருக்கா பீனு இருக்கானு பாருங்க. ஏ தான் வேணும், பீ போட்டா கொஞ்சம் திருப்பினவொடனே எல்லா சத்தமும் வந்திரும், அதுக்கு மேல சும்மா சுத்தும்.

பாட்டு போட்டா கொப்பிரைட் வந்திரும், அதனால மாசில காமன் கூத்துக்கு போனப்ப நானே எடுத்த தப்பு மேள ரெக்கார்டிங் போடுறேன். கேளுங்க... குச்சி தோல்ல படுற அந்த டப், அது சப்பையா இல்லாம வெடிக்கிதா? அது தான் சப்ளை நிக்கிதுங்கிறதுக்கு அடையாளம். இதுக்கு மேல ஏத்தினா... இந்தா, இப்ப டப் கிழியுது, இது தான் அந்த 15ஓட எல்லை. ஹெட்போன்ல கேக்கிறவங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஆன் பண்ணும்போது ஒரு சின்ன தும்னு சத்தம் இருக்கு, அதுக்கு கொஞ்சம் பொறுத்து ஸ்பீக்கர இணைக்கிற டிலே ரிலே போடணும், பெட்டில எடம் தேடிக்கிட்டு இருக்கேன். கரண்ட் கட்டுல பேட்டரில ஓடுமானு கேப்பீங்க, ஓடாது, இதுக்கு ஆகக் கொறஞ்சது 16 வோல்ட் வேணும். 12 வோல்ட்டுக்கு டிபிஏ 3116 போர்ட் தான் சரி, கையளவு இருக்கும், சூடும் கம்மி, ஆனா பக்கத்துல ரேடியோ வச்சு மீடியம் வேவ் போட்டா கொர்ருனும். அதுக்கு தனியா ஒரு வீடியோ எடுக்கிறேன். சர்க்கியூட் படம் கீழ இருக்கு, 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரடும் அவுட்புட்ல இருக்கு பாருங்க, அது சும்மா போட்டதில்ல, விட்டுறாதீங்க, வச்சிரட்டா.