மூணு செகண்ட் நகடாய்

கண்டுபிடிச்சுட்டேன் மக்களே! வணக்கமெல்லாம் அப்புறம். அகிரா குரோசாவா டைரக்ட் பண்ணின 1954 ஜப்பான் படம் 'செவன் சாமுராய்'ல நடிகர் தத்சுயா நகடாய் நடந்து போற அந்த மூணு செகண்டைக் கண்டுபிடிச்சுட்டேன். போன லைவ்ல ஒரு தம்பி, "அக்கா, அவர் அந்தப் படத்துலயே இல்ல, நீங்க குரோசாவாவோட இன்னொரு படம் 'யோஜிம்போ'வோட குழப்பிக்கிறீங்க"ன்னு அடிச்சுச் சொன்னார்ல? தம்பி, இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

எங்க வர்றார்னா, விவசாயிங்க, கொள்ளைக்காரங்ககிட்டேருந்து ஊரைக் காப்பாத்த சாமுராய்ங்கற கத்தி வீரர்களைத் தேடி டவுனுக்கு வந்து, தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாரையும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஒவ்வொரு சாமுராயா கடந்து போவாங்க. அதுல ஒருத்தர். டைட்டில்ல பேரே கிடையாது. நம்ம வீட்டுச் செவுத்துல, திரையா கட்டின, உங்களுக்குத் தெரிஞ்ச அதே வெள்ளை வேட்டியில, ரிமோட்டக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். திடீர்னு அந்தக் கண்ணு! அந்த முட்டக் கண்ணு வேற யாருக்கு இருக்கு சொல்லுங்க?

இந்தப் படத்தோட ப்ளூ-ரே டிஸ்க் வந்த கதைய சொல்லியே ஆகணும். 2,900 ரூபா. கடை பேரு வேண்டாம். ஆர்டர் போடறப்பவே கேட்டேன், "இந்தியா பிளேயர்ல ஓடுமா?"ன்னு. "தாராளமா ஓடும்"னாங்க. வந்து பாத்தா ஏ ரீஜன் டிஸ்க். ரீஜன்னா எந்த ஊரு பிளேயர்ல ஓடும்னு போடற எழுத்து. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஏ, நமக்கு சி. பிளேயர் துப்பிடுச்சு. திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. கேட்டுத்தானே வாங்கினேன்? ஒரு வாரம் அந்தக் கோவத்துலயே இருந்தேன். கடைசில எல்லா ரீஜனும் ஓடற பழைய பிளேயர் ஒண்ணு ஃப்ரெண்டு வீட்டுப் பரண்ல கிடைச்சுது. தூசி தட்டி மாட்டினேன், ஓடுது! வாங்கறவங்க அட்டைக்குப் பின்னாடி அந்த எழுத்தப் பாத்துட்டுக் காசு குடுங்க.

சரி, அந்த மூணு செகண்டுக்கு என்ன இவ்ளோ பில்டப்பு? அப்ப நகடாய்க்கு இருபது, இருபத்தொண்ணு வயசு. ஹையூஸா நாடகக் குழுவோட பள்ளிக்கூடத்துல மாணவர். அங்க சொல்லிக் குடுக்கறது நவீன நாடகம். கிமோனோ கட்டி, இடுப்புல கத்தி செருகி நடந்த பழக்கமே இல்ல. குரோசாவா பாத்துட்டு, நடையே சரியில்லன்னு திரும்பத் திரும்ப நடக்க விட்டிருக்கார். காலைல ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் மூணு மணி வரைக்கும்! பெரிய ஸ்டார் மிஃபூனேல இருந்து லைட் பாய் வரைக்கும் மொத்த யூனிட்டும் காத்துக்கிட்டு நின்னுருக்கு. இனிமே குரோசாவா படமே வேண்டாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுப் போனவரு அவரு. அதனாலதான் 'யோஜிம்போ'வுக்குக் கூப்பிட்டப்ப முதல்ல முடியாதுன்னார். குரோசாவாவோ அந்தப் பையன மறக்கவே இல்ல. ஞாபகம் வெச்சுத்தான் கூப்பிட்டிருக்கார். 1961. கழுத்துல மஃப்ளர், கைல துப்பாக்கி, சாமுராய் ஊர்ல துப்பாக்கியோட திரியற உனோசுகே. அப்படி ஒரு அழகான வில்லன நான் பாத்ததே இல்ல.

அங்கதான் எனக்கு எரிச்சலே. 2025 நவம்பர்ல, 92 வயசுல அவர் இறந்தப்ப வந்த அஞ்சலி வீடியோல பாதிப் பேரு "மிஃபூனேவோட வில்லன்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அநியாயம் மக்களே. மசாகி கோபயாஷியோட 'தி ஹியூமன் கண்டிஷன்' பாத்தீங்களா? 1959லேருந்து 61 வரைக்கும் மூணு பாகம், ஒம்பதரை மணி நேரம், படம் முழுக்க இவர்தான். போருக்கு மனசு ஒப்பாத கஜின்னு ஒருத்தன். அதே டைரக்டரோட 'ஹராகிரி', 1962. பேரப்பிள்ளை எடுத்த தாத்தா வேஷம். நடிச்சப்ப வயசு 29! அந்தத் தொண்டைக்கட்டு, அந்த உக்கார்ற விதம், எங்கயும் பொய்யே தெரியாது. 1.5 ஸ்பீடுல படம் பாக்கறவங்க தயவுசெஞ்சு இதத் தொடாதீங்க. அவர் பேசாம உக்காந்திருக்கறதுதான் அந்தப் படமே.

ஐயோ, ஒண்ண விட்டுட்டேன். அந்தக் காலத்துல நடிகர்னா ஒரு ஸ்டூடியோவுக்கு எழுதிக் குடுத்துட்டு அங்கயே இருப்பாங்க. இவர் யாருக்கும் எழுதிக் குடுக்கல. அதனாலதான் குரோசாவா, கோபயாஷி, நருசே, இச்சிகாவான்னு எல்லா டைரக்டர்கிட்டயும் போக முடிஞ்சுது. டிவியும் அப்படித்தான். 1972ல ஜப்பான் டிவி என்ஹெச்கேவோட வருஷாந்திர சரித்திரத் தொடர்ல தைரா நோ கியோமோரிங்கற அந்தக் காலத்துப் போர்த்தலைவர் இவர்தான்.

1975ல பொண்டாட்டி மியாசாகி யாசுகோவோட சேந்து முமேய்ஜுகுன்னு நடிப்புப் பள்ளி ஆரம்பிச்சார். 'பேரில்லாதவங்க பள்ளி'ன்னு அர்த்தம். ஃபீஸ் கிடையாது! அங்க வந்த ஒரு பையன் டோக்கியோவுல வார்டு ஆபீஸ்ல வேல பாத்தவன். ஜப்பான் மொழில அந்த ஆபீஸுக்கு 'யாகுஷோ'. நகடாய் அதையே அவனுக்குப் பேரா வெச்சார். கோஜி யாகுஷோ! 2023ல 'பெர்ஃபெக்ட் டேஸ்'க்கு கான்ஸ்ல சிறந்த நடிகர் விருது வாங்கினாரே, அவரேதான். நான் அழுத வீடியோ, ஞாபகம் இருக்கும்.

இப்ப 'ரான்'. மறுபடியும் குரோசாவா படம். 1985. 52 வயசுல எழுபது வயசுக் கிழவன், ஹிதேதோராங்கற பிரபு. ஃபியூஜி மலைச் சரிவுல நிஜமாவே கோட்டை கட்டி, நிஜமாவே கொளுத்தினாங்க. ரெண்டாவது டேக்குக்கு வழியே இல்ல. உள்ள நெருப்பு. வெளிய ஒரு பக்கம் மஞ்சக் கொடி, ஒரு பக்கம் சிவப்புக் கொடி, ரெண்டு மகன்களே அவருக்கு எதிரா கொண்டு வந்த படை. வெளுத்த முகம், கைல வெறும் உறை, கத்தி இல்ல. அந்தப் படில இறங்கி வர்றார். காலப் பாக்கவே மாட்டார், பார்வை எங்கயோ நிக்குது. தடுக்கினா மொத்தமும் போச்சு. கொல்ல வந்த படை தானா விலகி வழி விடுது.

நேத்து ராத்திரி அந்த மூணு செகண்டையும் இந்தப் படிக்கட்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். ஆறு மணி நேரம் நடக்க வெச்சுத் திட்டின அதே டைரக்டர், அதே கால். முப்பத்தொரு வருஷம் நடுவுல. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

சரி, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு 'ஹியூமன் கண்டிஷன்' முதல் பாகம் சேந்து பாக்கறோம். அந்தத் தம்பியும் கண்டிப்பா வரணும்.