பராகுவே: தாய்மொழியைக் கைவிடாத நாடு

(கிளை நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, பெஞ்சு போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் பணி ஓய்வு பெறும் நம் நூலகர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் மேலே போக முடியாது. தென் அமெரிக்கா பற்றி ஒரு பெரிய நிலப்படப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். மாவட்ட மைய நூலகத்திலிருந்து அதைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். ஐயா, நீங்கள் நீடு வாழ வேண்டும். இந்தக் கட்டடத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்து கொடுத்த நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கும் என் நன்றி. அவரிடம் கேட்க எனக்கு இன்னொரு காரியமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, பராகுவே. நிலம், பொருளாதாரம், பண்பாடு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

கடலே இல்லாத நாடு அது. அர்ஜென்டினா, பிரேசில், பொலிவியா மூன்றும் சுற்றி நிற்கின்றன. பரப்பு ஏறக்குறைய 4,06,750 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப்போல மூன்று மடங்கு. மக்கள்தொகையோ சுமார் 61 லட்சம்தான். நாட்டின் நடுவே பராகுவே ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. கிழக்கே செம்மண், காடு, வயல், ஊர். மேற்கே சாக்கோ என்னும் முள்காட்டு வறண்ட சமவெளி. நிலத்தில் பாதிக்கு மேல் சாக்கோதான், ஆனால் அங்கே வாழ்வோர் மிகக் குறைவு. தலைநகர் அசுன்சியோன் 1537-இல் அந்த ஆற்றங்கரையில் எழுந்தது.

பொருளாதாரம் என்றால் சோயா, மாட்டிறைச்சி, மின்சாரம். பரானா ஆற்றில் பிரேசிலுடன் சேர்ந்து கட்டிய இதாய்ப்பூ அணை 14,000 மெகாவாட் திறன் கொண்டது. அந்நாட்டுப் பழங்குடி மொழியான குவாரனியில் அந்தப் பெயருக்கு ‘ஒலிக்கும் கல்’ என்று பொருள். மின்சாரத்தில் பாதி பராகுவேக்குச் சொந்தம். ஆனால் 1973 ஒப்பந்தத்தின்படி, தனக்குப் போக மிஞ்சியதை அது பிரேசிலுக்கே கொடுக்க வேண்டியிருந்தது. பல்லாண்டுகளாகப் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. அங்கே கிராமத்து அடுப்புகளில் இன்றும் எரிவது விறகும் கரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான். அந்தப் பழமொழியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இனிப் பண்பாடு. என் மருமகன் வேலை விஷயமாக அசுன்சியோனில் இருந்தபோது பத்து நாள் அங்கே தங்கினேன். ஒரு நாள் உச்சிவெயில். சந்தை ஓரத்தில் ஒரு மாமரம், அதன் கீழே மூலிகை விற்கும் ஒரு பாட்டி. மர உரலில் புதினாபோல ஏதோ ஒரு தழையை ‘டொக் டொக்’ என்று இடித்துக்கொண்டிருந்தார். அதை ஐஸ் தண்ணீரில் போட்டு, மாட்டுக் கொம்புக் குவளையில் நிரப்பிய எர்பா இலைத்தூள்மேல் ஊற்றி, வடிகட்டி வைத்த உலோக உறிஞ்சுகுழாய் வழியாகக் குடிப்பார்கள். அதற்குத் தெரெரே என்று பெயர். யுனெஸ்கோ 2020-இல் மனிதகுல மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்ட பானம். ஒரே குவளை, ஒரே குழாய். ஒருவர் ஊற்றிக் கொடுக்க, வட்டமாகச் சுற்றி வரும். மூட்டை தூக்குகிறவர், காவலாளி, கழுத்தில் டை கட்டிய ஒரு வங்கி ஊழியர், எல்லோரும் அந்த வட்டத்தில். அந்த வங்கி ஊழியர் காலையில் எங்களிடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஸ்பானிஷில் பேசியவர். இங்கே முக்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு குவாரனிக்கு மாறிவிட்டது, முகமும் மாறிவிட்டது!

கூட வந்த ஆசிரியர் எனக்கு மொழிபெயர்த்தார். பாட்டி என்னைப் பார்த்து, “இது ஓரே ஞெஎ” என்றார். எங்கள் மொழி என்று பொருள். மூன்றாவது சுற்றில் குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, “ஞாந்தே தெரெரே” என்றார். ஆசிரியர் சிரித்தார். “கவனித்தீர்களா? ‘ஓரே’ என்றால் கேட்பவரைச் சேர்க்காத எங்கள். ‘ஞாந்தே’ என்றால் கேட்பவரையும் சேர்த்த நம். பாட்டி உங்களைச் சேர்த்துக்கொண்டார்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்களுக்கும் நாங்கள், நாம் என்று இரண்டு உண்டே என்றேன். பாட்டி உரலை நிறுத்திவிட்டு என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னார். “நாம், நாம்” என்று தானும் சொல்லிப் பார்த்தார். ஸ்பானிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த வசதி கிடையாது. உடனே இரண்டு மொழிக்கும் உறவு என்று கிளம்பிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை. ஒரே நுட்பம் இரண்டு இடத்தில் தனித்தனியாக விளைந்திருக்கிறது, அதுவே பெரிய அழகு.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த நாட்டில் பழங்குடி மக்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். ஆனால் பெரும்பாலோர் பழங்குடி மொழியான குவாரனியைப் பேசுகிறார்கள். பணத்துக்கே குவாரனி என்று பெயர். அது எளிதில் கிடைத்த நிலை இல்லை. 1864 முதல் 1870 வரை மூன்று நாடுகளோடு நடந்த போரில் அந்த மக்கள் அழிந்த கணக்கைப் படித்தால் நெஞ்சு பதறும். அப்புறம் வந்த ஆட்சி, பள்ளியில் குவாரனியைத் தடைசெய்தது. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் 1932-இல் பொலிவியாவோடு சாக்கோ போர் வந்தபோது, எதிரி ஒட்டுக் கேட்டாலும் புரியாதபடி செய்தி அனுப்ப ராணுவம் நம்பியது அதே மொழியை. பள்ளியில் அடி வாங்கித் தந்த மொழி போர்முனையில் உயிர் காத்தது.

1992 அரசியலமைப்பு குவாரனியை ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழி ஆக்கியது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் என்றும் அதில் எழுதினார்கள். 2010-இல் மொழிச் சட்டம் வந்தது. அங்கேயும் பெற்றோர் சிலர், “குவாரனிதான் வீட்டிலேயே தெரியுமே, பள்ளியில் எதற்கு?” என்று கேட்டார்கள். இங்கே நான் வீடு வீடாகப் போகும்போது கேட்கும் அதே வார்த்தை! வெண்ணெய் கையில் இருக்கிறது, ஐயா. அதை உருக்கினால் நெய். ஐந்து வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் கணக்கைப் புரிந்துகொள்ளட்டும், ஆங்கிலத்தையும் ஒரு பாடமாக நன்றாகவே படிக்கட்டும். நான் ஆங்கிலத்துக்கு எதிரி இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘சப்ட்ராக்‌ஷன்’ என்ற சொல்லை ஒப்பித்துவிட்டு, ஏழிலிருந்து மூன்றைக் கழிக்கத் தெரியாமல் என் முன்னால் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவன்.

நம் தொடக்கப்பள்ளியில் தமிழ்வழிப் பிரிவை அடுத்த ஆண்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 9 பேர். குறைந்தது 20 பேரையாவது சேர்க்க வேண்டும் என்று நாங்கள் சிலர் தெருத் தெருவாக நடக்கிறோம். ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொண்டு நடப்பது போதவில்லை, நீங்களும் வாருங்கள். வாசலில் மேசைமேல் நீள நோட்டு ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். முதல் பக்கத்தின் முதல் வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மா, அந்த வரி உங்களுக்கு. வணக்கம்.