வாரம் ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகள் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்காரர்கள். "ஸ்கூல்ல மிஸ் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்றுதான் அம்மாக்கள் பேச ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், கஷ்டம் அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே தொடங்கியது தெரியவரும். அப்பாவுக்கு வேலை போயிருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் அம்மா யாரிடமும் பேசாமல் சுருண்டு படுத்திருப்பார். அப்போதே ஒருவர் அந்த வீட்டுப் படியேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கு ஜமைக்காவில் பதில் இருக்கிறது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்கிரிகர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 9 முதல் 24 மாதக் குழந்தைகள். சில வீடுகளுக்குப் பால் மாவு கொடுத்தார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதார உதவியாளர் போனார். சில வீடுகளுக்கு இரண்டும் கிடைத்தன, சிலவற்றுக்கு இரண்டுமே இல்லை. இப்படி இரண்டு வருஷம்.

போனவர்கள் டாக்டர்கள் இல்லை, உளவியல் படித்தவர்களும் இல்லை. காலி பாட்டில், அட்டை, மூடி இவற்றால் செய்த பொம்மைகளைக் கொண்டுபோய், குழந்தையோடு எப்படி விளையாடுவது, என்ன பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். பொம்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அடுத்த வாரம் வேறு பொம்மை.

அந்தக் குழந்தைகள் 17, 18 வயதானபோது பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. 22 வயதில் சம்பாத்தியம் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம். பால் மாவு மட்டும் கிடைத்தவர்களிடம் இப்படி நிலைத்த பலன் இல்லை. சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றோடு பேச்சும் வேண்டியிருக்கிறது. நம் பக்கத்திலேயே, ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் இதே முறையை முயன்றபோதும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி கூடியது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே ஜமைக்காவில், வேறு ஆய்வில் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால் கொஞ்சம் தெரிந்தது. வாராவாரம் போனபோதுதான் நன்றாகத் தெரிந்தது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு நாள் முகாம் போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுகிறோம். எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கிறது. தெருவில் எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்று அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். கணக்கெழுதும் சுமையைக் குறைத்து, வாரத்தில் சில மணி நேரம் அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த முறைப்படி நானும் ஒரு வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. பதினான்கு மாதப் பெண் குழந்தை, சத்தமே இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு, மூடியை இறுக்கி, அம்மாவின் கையில் கொடுத்தேன். "இதுக்கு என்னக்கா புரியும், பேசறதுக்கு?" என்றார். சும்மா ஆட்டிப் பாருங்கள் என்றேன். ஆட்டினார். குழந்தை திரும்பியது. பாட்டிலை அல்ல, அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா மறுபடியும் ஆட்டினார்.

அடுத்த வாரம் போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அக்கா, இவ இப்ப என்னைக் கூப்பிடறா."