கூழ்க்காசும் ஓட்டுநர் உரிமமும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பிள்ளையை வளர்க்கத் தகப்பன் தரவேண்டிய பணத்துக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுகிறவர்கள் 'பாப்கெல்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாப் என்றால் சோளமாவுக் கூழ்; கெல்ட் என்றால் காசு. கூழ்க்காசு! சட்டத்தில் இருக்கும் 'மெயின்டனன்ஸ்' என்ற சொல்லைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். சொன்னவுடனே பிள்ளையின் தட்டு கண்முன் வந்துவிடுகிறது.

போன மாதம் இதே கோயில் வாசலில் ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "அமெரிக்காவில் கூழ்க்காசு தராதவனின் ஓட்டுநர் உரிமத்தையே பிடுங்கிவிடுகிறார்களாமே, நம் நாட்டில் ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்டார். உண்மைதான். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு மாநிலமும் அதற்கு வழி வைத்திருக்கவேண்டும். ஓட்டுநர் உரிமம் மட்டுமில்லை, தொழில் உரிமம், வேட்டை உரிமம், மீன்பிடி உரிமம்கூட முடக்கப்படலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. பிள்ளைக்குக் கூழ் ஊற்றாதவனின் தூண்டிலைப் பிடுங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓட்டுநர் உரிமம் என்றால்தான் கொஞ்சம் யோசிக்கிறேன்.

எங்கள் உறவில் ஒருவர் டாக்ஸி ஓட்டினார். வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவருக்கு வெறும் உரிமம் போதாது, தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அந்த அட்டையைச் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார். பேசும்போதே கை அங்கே போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளும். வண்டி பழுதாகி இரண்டு மாதம் அவர் கூழ்க்காசு கட்டவில்லை. அந்த அட்டையையும் பிடுங்கியிருந்தால் மூன்றாவது மாதக் காசு எங்கிருந்து வந்திருக்கும்? கயிற்றை அறுத்துவிட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொல்வது போலத்தான்.

இன்னொரு வகை ஆள் இருக்கிறார், எல்லோருக்கும் தெரிந்தவர்தான். கடை தம்பி பேரில், வீடு அம்மா பேரில், பளபளக்கும் கார் யார் பேரிலோ. நீதிமன்றத்தில் மட்டும் வருமானம் பூஜ்யம். இவருடைய உரிமத்தைப் பிடுங்குங்கள், நானே வந்து கைதட்டுகிறேன்.

இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கிற கண் சட்டத்துக்கு வேண்டும். நம்முடைய மெயின்டனன்ஸ் சட்டத்தில் (1998ஆம் ஆண்டு 99ஆம் எண்) உரிமத்தைப் பிடுங்கும் பிரிவு இல்லை; ஆனால் அந்தக் கண் இருக்கிறது. காசு கட்டச் சொன்ன நீதிமன்ற உத்தரவை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனாலும் கையில் உண்மையிலேயே காசில்லை, அதற்குச் சோம்பலோ தீய நடத்தையோ காரணமில்லை என்று காட்டினால் அது எதிர்வாதமாக ஏற்கப்படும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2011இல் தென் கரோலினா வழக்கு ஒன்றில், கட்ட வசதி இருக்கிறதா என்று முறையாகப் பார்க்காமல் தகப்பனைச் சிறையில் தள்ளியது தவறு என்றது. சிறைக்கு முன் கேட்கிற கேள்வியை உரிமத்துக்கு முன்னும் கேட்டால் என்ன?

நம்மிடம் வேறு ஆயுதங்கள் உண்டு. முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி உத்தரவு வாங்கலாம். என் கணக்கில் இதுதான் மிக நல்லது, மாதாமாதம் அவன் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. 2018 முதல் பாக்கிக்காரரின் பேர் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போகிறது. அடுத்த கார் கடனுக்குப் போகும்போது வங்கிக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். "தாலியே கட்டவில்லை, எங்களுக்கென்ன?" என்று இனிச் சொல்ல முடியாது. பெற்றோர் மணமாகாதவர்களாக இருந்தாலும் தகப்பனைப் பெற்றவர்களுக்கும் பேரப்பிள்ளையைக் காக்கும் கடமை உண்டு என்று சைமன்ஸ் டவுன் என்ற ஊரிலிருந்து வந்த வழக்கில் கேப் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள், கேட்கிறது.

வாசலில் கேட்ட அக்கா ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். இடப்பக்கம் செலவு: பள்ளிக் காலணி, பஸ் காசு, ஆஸ்துமா பம்ப். வலப்பக்கம் பிள்ளையின் தகப்பன் கொடுத்தது. வலப்பக்கத்தில் ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. படிவத்தில் அந்த இடப்பக்கத்தைத்தான் கேட்பார்கள். அப்படி நோட்டு வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.