பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் முதல் ரெண்டு வாரம்: அவசரப்பட்டு எங்கயும் அட்வான்ஸ் கட்டிராதீங்க

(கேமரா முன்னாடி உக்காந்து நேரா பேசுறது. பின்னாடி மியூசிக் வேண்டாம்.)

வணக்கம் தம்பிங்களா, தங்கச்சிங்களா, கூட உக்காந்து பாத்துட்டு இருக்குற அம்மா அப்பாவுக்கும் வணக்கம். ரிசல்ட் வந்த அன்னைக்கு வீட்டுக்கு ரெண்டு விதமான போன் வரும். ஒண்ணு சொந்தக்காரங்க, மார்க் எவ்ளோன்னு கேக்க. இன்னொண்ணு யாருன்னே தெரியாத நம்பர், "சார் உங்க பொண்ணுக்கு நம்ம காலேஜ்ல ஒரு சீட் எடுத்து வச்சிருக்கோம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுனீங்கன்னா பீஸ்ல குறைச்சுக்கலாம்"னு பேசுவாங்க. அந்த ரெண்டாவது போனுக்காகத்தான் இந்த வீடியோ.

எனக்கு இது நடந்தது 2014-ல. எங்க அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர், எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச ஆள் அதுவரைக்கும் யாருமே இல்ல. அந்த போன் வந்த ரெண்டாவது நாளே மண்டில கடன் வாங்கி பதினஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டாரு, கூடவே என்னோட மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஒரிஜினலா வாங்கி வச்சுக்கிட்டாங்க. அப்பல்லாம் இன்ஜினியரிங் கவுன்சிலிங்னா, அதாவது மார்க் வரிசைல சீட் ஒதுக்குற இடத்துக்கு, சென்னை கிண்டிக்கு நேர்ல போகணும், கையில ஒரிஜினல் இருக்கணும். எனக்கு லெட்டர் வந்துச்சு, நாங்க போயி சர்டிபிகேட்ட கேட்டா வருஷ பீஸ் முழுசா கட்டிட்டு எடுத்துட்டு போங்கன்னுட்டாங்க. அப்பா அந்த ஆபீஸ் வாசல்ல மூணு நாள் போயி நின்னாரு. என்னோட கவுன்சிலிங் தேதி அப்படியே போயிருச்சு.

அதனால நான் உங்களுக்கு எந்த கோர்ஸ் பெஸ்ட்னு சொல்லப் போறதில்ல. படிப்ப பொறுத்தவரைக்கும் தப்பா எடுத்துட்டாலும் திரும்பி வர வழி நிறைய இருக்கு, அத கொஞ்ச நேரத்துல காட்டுறேன். ஆனா கட்டுன பணமும் குடுத்த ஒரிஜினலும் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. இந்த ரெண்டு வாரத்துல நீங்க காவல் காக்க வேண்டியது அந்த ரெண்டத்தான். மாணவனோட ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு காலேஜ்களுக்கு விதி போடுற யுஜிசியும் சொல்லிருக்கு, இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அனுமதி குடுக்குற ஏஐசிடிஇயும் சொல்லிருக்கு, சரிபார்த்துட்டு திருப்பிக் குடுத்துறணும். யாராவது "இங்கயே இருக்கட்டும்"னு சொன்னா இத வாய்விட்டு சொல்லுங்க, பயப்படாதீங்க.

(திரையில: கட் ஆப் கணக்கு)

இப்ப இன்ஜினியரிங் கவுன்சிலிங்க பாப்போம், தெரியாம ஏமாறுறது இங்கதான் அதிகம். கட் ஆப், அதாவது உங்க ரேங்க முடிவு பண்ற மார்க், மொத்தம் 200. கணக்கு மார்க் அப்படியே 100-க்கு, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி. கணக்குல 92, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 86 எடுத்திருந்தா 92, 40, 43, கூட்டுனா 175. தமிழ், இங்கிலீஷ் மார்க் இதுல சேராது, அதனால மொத்த மார்க்க வச்சு பக்கத்து வீட்டு பையனோட ஒப்பிட்டு அழ வேண்டிய அவசியமே இல்ல.

2018-ல இருந்து எல்லாமே ஆன்லைன்தான். அப்ளிகேஷன் போட்டு, சர்டிபிகேட் அப்லோட் பண்ணி, ரேங்க் வந்ததும் உங்க ரவுண்ட்ல காலேஜையும் பிராஞ்சையும் வரிசையா போடணும், எத்தன வேணாலும் போடலாம். இங்கதான் ஒரு பெரிய தப்பான நம்பிக்கை ஊரெல்லாம் ஓடுது, "கிடைக்கிறத முதல்ல போடு, ஆசைப்படுறத பின்னாடி போடு"ன்னு. அப்படி செய்யவே கூடாது. உங்க முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்க லிஸ்ட்ட மேல இருந்து கீழ பாத்துட்டே வரும், எது முதல்ல காலியா இருக்கோ அத குடுத்துட்டு நிறுத்திக்கும். கிடைக்காத காலேஜ மேல போட்டதால உங்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது, அத தாண்டி கீழ வந்துரும். ஆனா ஈசியா கிடைக்கிற ஒண்ண மேல தூக்கி வச்சுட்டா அதுக்கு கீழ இருக்குற நீங்க ஆசைப்பட்ட காலேஜ அது திரும்பிக் கூட பாக்காது. உங்க மனசுல என்ன வரிசையோ லிஸ்ட்லயும் அதே வரிசை, அவ்வளவுதான்.

போன வருஷம் எந்த காலேஜ்ல எந்த பிராஞ்ச் எந்த கட் ஆப்ல முடிஞ்சதுன்னு கவுன்சிலிங் வெப்சைட்லயே கம்யூனிட்டி வாரியா இருக்கும், இறக்கி வச்சு பேனாவால குறிச்சுக்கோங்க. காலேஜ் பேர மட்டும் நம்பாதீங்க, ஒரே மாதிரி பேர்ல நாலஞ்சு காலேஜ் இருக்கும், கோட் நம்பர பாத்து போடணும். முக்கியமா லிஸ்ட்ட நீங்களே போடுங்க. ப்ரவுசிங் சென்டர் அண்ணன் கிட்டயோ, "நாங்களே ப்ரீயா போட்டுத் தர்றோம்"னு சொல்ற கன்சல்டன்சி கிட்டயோ பாஸ்வேர்டையும் ஓடிபியையும் குடுத்துட்டா உங்க முதல் சாய்ஸ்ல எந்த காலேஜ் உக்காந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. போடத் தெரியலைன்னா கவுன்சிலிங்குக்காகவே ஒவ்வொரு மாவட்டத்துலயும் உதவி மையம் போட்டிருப்பாங்க, அங்க போயிருங்க.

சீட் வந்ததும் "இதுவே போதும்"னு சேரலாம், இல்ல "இத கையில வச்சுக்கிறேன், இதுக்கு மேல நான் போட்டது காலியானா மாத்திக் குடுங்க"ன்னும் கேக்கலாம். இந்த ரெண்டாவது ஆப்ஷன் இருக்குறதே பல பேருக்கு தெரியல. பதில் சொல்ல குறைஞ்ச நாள்தான் குடுப்பாங்க, அதனால அந்த வாரம் சித்தப்பா வீட்டுக்கு ஊருக்கு போயி நெட்வொர்க் இல்லாம மாட்டிக்காதீங்க.

காலேஜ எப்படி எடை போடுறதுன்னு கேப்பீங்க. போர்டுல போட்டிருக்குற லட்ச ரூபா சம்பள போட்டோவ பாக்காதீங்க. அண்ணா யுனிவர்சிட்டி தனக்கு கீழ இருக்குற காலேஜ்களோட பாஸ் சதவீதத்த செமஸ்டர் வாரியா வெளியிடுது, உங்க காலேஜ் அதுல எங்க நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் ஒரு சாயங்காலம் அந்த காலேஜ் பஸ் நிக்கிற ஸ்டாப்ல போயி மூணாவது வருஷம் படிக்கிற பசங்க கிட்ட பேசுங்க, லேப் ஒழுங்கா நடக்குதா, சார் மிஸ் பாதில விட்டுட்டு போறாங்களா, கம்பெனி வந்தா எத்தன பேர எடுத்தாங்கன்னு. அவங்க சொல்றத எந்த நோட்டீஸ்லயும் போட மாட்டாங்க.

(திரையில: சான்றிதழ் லிஸ்ட்)

அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவங்க இத நல்லா கேளுங்க. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-ல வந்துச்சு, 2021-ல இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு இதுக்கெல்லாமும் வந்துச்சு. இந்த ஒதுக்கீட்டுல கவுன்சிலிங் மூலமா போனா பீஸ அரசே கட்டுது. அப்ளிகேஷன்ல அந்த ஒரு இடத்துல டிக் போட மறந்துட்டு அப்புறம் அலையிற பிள்ளைங்கள வருஷா வருஷம் நான் பாக்குறேன். எங்க வீடு மாதிரி முதல் தலைமுறையா இருந்தா முதல் பட்டதாரி சான்றிதழ், அப்புறம் சாதி, வருமானம், இருப்பிடம், இதெல்லாம் இ-சேவைல போட்டு வர நாளாகும். இன்னும் போடலைன்னா இன்னைக்கே போட்டுருங்க.

சரி, இன்ஜினியரிங் இல்லாதவங்க. ஐடிஐன்னு சொன்னா நம்ம ஊர்ல முகத்த சுளிக்கிறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். பிட்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், டர்னர்னு கையில தொழிலோட வெளிய வர்ற பையன் அப்ரென்டிஸ் முடிச்சுட்டு ரயில்வேல அசிஸ்டன்ட் லோகோ பைலட் வேலைக்கே பரீட்சை எழுதலாம். பெரம்பூர் ஐசிஎப் ரயில்பெட்டி பேக்டரிலயும் திருச்சி பெல் (BHEL) கம்பெனிலயும் அப்ரென்டிஸ் எடுக்குறாங்க. அதுவும் கடைசி ஸ்டாப் இல்ல, ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், டிப்ளமோ முடிச்சா பி.இ.ல நேரா ரெண்டாவது வருஷம். பிளஸ் டூல கணக்கு, சயின்ஸ் படிச்சவங்களுக்கும் பாலிடெக்னிக்ல அதே ரெண்டாவது வருஷ சேர்க்கை இருக்கு. நான் முன்னாடி சொன்ன திரும்பி வர்ற வழி இதுதான்.

காமர்ஸ் குரூப் பிள்ளைங்க "நாங்க கணக்கு எடுக்கல, எங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு கமெண்ட் போடுறாங்க. ஆடிட்டர் ஆகுறதுக்கான சி.ஏ. படிப்புல முதல் பரீட்சையான பவுண்டேஷன பிளஸ் டூ முடிச்ச உடனே எழுதலாம், இல்ல பி.காம். முடிச்சு 55 சதவீதம் வாங்கிட்டா பவுண்டேஷன் இல்லாம நேரா அடுத்த கட்டமான இன்டருக்கு போகலாம். கஷ்டமான பரீட்சைதான், பல பேர் ரெண்டு மூணு தடவ எழுதுறாங்க, ஆனா பெரிய டொனேஷன் கேக்காத படிப்பு அது. அஞ்சு வருஷ சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பா இருந்தாலும் அப்ளை பண்ணலாம், அரசு சட்டக் கல்லூரிங்கள்ல பிளஸ் டூ மார்க்க வச்சுதான் சேர்க்கை, தனியா என்ட்ரன்ஸ் கிடையாது. அரசு கலைக் கல்லூரில பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணக்கு படிச்சுட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் ஒண்ணு, ரெண்டு எழுதி ஆபீசரானவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. பீஸும் மிகக் குறைவு.

நர்சிங், லேப் டெக்னீஷியன் பக்கம் போறவங்க மட்டும் கூடுதலா கவனமா இருங்க. மாடியில ரெண்டு ரூம் எடுத்து போர்டு மாட்டி "நூறு சதவீதம் வேலை"ன்னு சொல்ற இடங்கள் இருக்கு. நர்சிங்னா நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு கவுன்சில் வெப்சைட்ல நீங்களே பாருங்க, அவங்க காட்டுற ஜெராக்ஸ நம்பாதீங்க. அங்கீகாரம் இல்லாத இடத்துல படிச்சா நர்ஸா பதிவே பண்ண முடியாது, அந்த வருஷங்கள் அப்படியே வீண்.

(திரையில: கடன் கணக்கு)

கல்விக் கடன் பத்தி வீட்ல எல்லாரும் சேந்து கேளுங்க. நாலு லட்சம் வரைக்கும் அடமானம் கேக்க மாட்டாங்க, வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணலாம். ஆனா "படிக்கும்போது கட்ட வேண்டாம்"னு சொன்னா வட்டி ஏறலைன்னு அர்த்தம் இல்ல. வருஷத்துக்கு ஒரு லட்சம், நாலு வருஷம், பத்து சதவீத வட்டின்னு வச்சுக்குவோம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுதான் கட்ட ஆரம்பிப்பீங்க, அப்ப முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, அடுத்ததுக்கு நாலு, மூணு, ரெண்டு. கூட்டுனா 1 லட்சத்து 40 ஆயிரம். கையில வாங்குனது நாலு, கட்ட ஆரம்பிக்கும்போது அஞ்சு நாப்பது. வருமானம் குறைவான குடும்பத்துக்கு படிக்கிற காலத்து வட்டிய மத்திய அரசே கட்டுற மானியம் இருக்கு, பேங்க்ல அத கேட்டு வாங்குங்க, அவங்களா சொல்லணும்னு காத்திருக்காதீங்க. இந்த கணக்க, கவுன்சிலிங் இல்லாம காலேஜே நேரா குடுக்குற மேனேஜ்மென்ட் சீட்டுக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல போடுங்க.

அம்மா, அப்பா, உங்க கிட்ட ஒண்ணு. பிள்ளை "எனக்கு இது வேண்டாம்"னு சொன்னா அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணாதீங்க, ஏன் வேண்டாம்னு கேளுங்க. பல நேரம் அந்த படிப்பு பிடிக்காம இருக்காது, ஹாஸ்டல் பயமா இருக்கும், இங்கிலீஷ் பயமா இருக்கும், பீஸ நினைச்சு வாய்ல வராம நிக்கும். நானே அப்படித்தான் அப்பா கடன் வாங்குறது தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்.

பாஸ் ஆகாத தம்பி தங்கச்சிங்க இதையும் பாத்துட்டு இருப்பீங்கன்னு எனக்கு தெரியும். துணைத் தேர்வு அதே வருஷம், ஒண்ணு ரெண்டு மாசத்துலயே வருது, பெயிலான பாடத்த மட்டும் எழுதினா போதும், வருஷம் போகாது. மார்க்ல சந்தேகம் இருந்தா விடைத்தாள் நகல் கேக்கலாம், அதுக்கு கடைசி தேதி சீக்கிரமே வந்துரும். மனசு தாங்கலைன்னா 14416-ங்குற அரசு மனநல உதவி நம்பருக்கு போன் போடுங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் தமிழ்ல பேசுவாங்க. நாளைக்கு காலைல ஸ்கூலுக்கு போயி ஹெச்எம் கிட்ட துணைத் தேர்வுக்கு பேர் குடுத்துட்டு வாங்க, தனியா போக கூச்சமா இருந்தா அம்மாவ கூட்டிட்டு போங்க.