கோப்பை ஒரு கல்லூரிக்கு, பெருமை பதினாறுக்கா?

வணக்கம்.

கல்லூரி ஃபுட்பாலைப் பற்றி, அதாவது கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தைப் பற்றி, தமிழில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அழைத்தபோது, இதைக் கேட்க யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வந்து பார்த்தால் முன்வரிசையில் பாதிப் பேர், பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒஹாயோ ஸ்டேட் சட்டைக்குப் பக்கத்திலேயே ஜார்ஜியா சட்டை. நான் சண்டையை ஆரம்பித்து வைக்கத் தேவையே இல்லை போலிருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்பிரிவில் 2025 சீசனில் 136 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டங்கள்தான். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியில்லை. அதனால் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டணிகளாகச் சேர்ந்து, 8 அல்லது 9 ஆட்டங்களைத் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்கள். எஸ்.இ.சி., பிக் டென், ஏ.சி.சி., பிக் 12 ஆகிய நான்கும் பெரிய இடம். பெரிய அணிகளில் நோட்ர டேம் மட்டும் எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனிக்கொடி பிடிக்கிறது. சீசன் முடிந்ததும் ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து, தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு யார் யார் என்று முடிவு செய்யும். 2014 முதல் 4 அணிகள், 2024 முதல் 12 அணிகள்.

அந்தக் குழு எதை வைத்து முடிவு செய்கிறது? சண்டை அங்கேதான். ‘இவர்கள் 11 ஆட்டம் ஜெயித்தாலும் ஆடியது நோஞ்சான் கூட்டத்தில். அவர்கள் 9தான் ஜெயித்தார்கள், ஆனால் ஆடியது சிங்கங்களோடு’ என்ற வாதம் ஒவ்வொரு டிசம்பரிலும் வரும். அப்புறம் ஜனவரியில் பிளேஆஃப் முடிந்ததும், ‘பார்த்தீர்களா, எங்கள் கான்ஃபரன்ஸ்தான் பெரியது’ என்று ஒரு தரப்பு கிளம்பும். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: பிளேஆஃப் முடிவை வைத்துக் கான்ஃபரன்ஸின் பலத்தை அளக்க முடியாது. அளக்கக்கூடிய ஆட்டங்கள் வேறு இருக்கின்றன. அவற்றை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எஸ்.இ.சி.யில் 16 அணிகள். 2025 சீசன் வரை ஆளுக்கு 8 ஆட்டங்கள் கூட்டணிக்குள். அப்படியானால் உள்ளே மொத்தம் 64 வெற்றி, 64 தோல்வி. நாட்டிலேயே தலைசிறந்த 16 அணிகளை ஒன்றாகப் போட்டாலும் 64-64தான். தெருப் பையன்களை 16 அணிகளாகப் பிரித்து ஆடவிட்டாலும் அதே 64-64தான். தானே கேள்வித்தாள் தயாரித்துத் தானே திருத்தும் இரண்டு பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு முதல் ரேங்க் இருக்கும், ஒரு கடைசி ரேங்க் இருக்கும். எந்தப் பள்ளி தேவலை என்று தெரிய வேண்டுமென்றால் பொதுத்தேர்வு வர வேண்டும். இங்கே பொதுத்தேர்வு என்பது கூட்டணிக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் அதில் மூன்று நான்குதான் கிடைக்கும். அதிலும் பாதிக்கு மேல், பணம் கொடுத்து வரவழைத்து அடித்து அனுப்பும் சின்னக் கல்லூரிகள். சமபலத்தோடு மோதுவது ஒன்றோ இரண்டோ.

அந்த ஒன்றிரண்டை விட்டுவிட்டால் மிஞ்சுவது வட்டமடிக்கும் வாதம். 2024 அக்டோபர் 5ஆம் தேதி, முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று கவிழ்த்தது. பல ஆண்டுகளாக எஸ்.இ.சி.யின் கடைசி பெஞ்சில் இருந்த கல்லூரி அது. ‘கடைசி பெஞ்சுக்கே இவ்வளவு பலம், எங்கள் கூட்டணியின் ஆழத்தைப் பாருங்கள்’ என்றார்கள் எஸ்.இ.சி. ரசிகர்கள். ‘கடைசி பெஞ்சிடம் தோற்கிறதே, உங்கள் அலபாமா அவ்வளவுதானா?’ என்றார்கள் மற்றவர்கள். ஒரே ஆட்டம், ஒரே ஸ்கோர், நேர் எதிரான இரண்டு தீர்ப்பு. அந்த ஆட்டத்துக்குள்ளேயே பதில் கிடையாது. இரண்டு அணிகளில் ஒன்றையாவது வெளியாரோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்லலாம்.

சரி, எஸ்.இ.சி.யின் புகழ் சும்மா வந்ததா என்று கேட்பீர்கள். சும்மா வரவில்லை. 2006 முதல் 2012 வரை தொடர்ச்சியாக ஏழு தேசியப் பட்டங்கள். 2006 முதல் 2022 வரை பார்த்தால் 17 சீசனில் 13 பட்டங்கள். யாரும் மறுக்க முடியாத சாதனை. ஆனால் அந்த 13ஐப் பிரித்துப் பாருங்கள். அலபாமா 6, ஃப்ளோரிடா 2, எல்.எஸ்.யு. 2, ஜார்ஜியா 2, ஆபர்ன் 1. ஐந்து கல்லூரிகள். மிசிசிப்பி ஸ்டேட், கென்டக்கி, சவுத் கரோலினா இவற்றுக்கு இதில் ஒரு பட்டமும் இல்லை. ஆனாலும் ஜெயித்த கையோடு மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து ‘எஸ்.இ.சி.! எஸ்.இ.சி.!’ என்று கோஷம் போடுவார்கள். தன் அணியைத் தோற்கடித்தவன் கோப்பை வாங்கும்போது கை தட்டும் ரசிகனை வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. அது அவர்கள் பாடு. ஆனால் அந்தக் கோஷம் தேர்வுக் குழுவின் அறைக்குள்ளும் கேட்கிறது என்பதுதான் என் புகார்.

கோஷத்தால் நஷ்டப்பட்டவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். 2017இல் யு.சி.எஃப்., அதாவது சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம், ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அமெரிக்கன் என்ற சின்னக் கூட்டணி என்பதால் பிளேஆஃபில் இடமில்லை. சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றான பீச் பவுலில் ஆபர்னை 34-27 என்று ஜெயித்து 13-0 என, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லை என, முடித்தார்கள். அந்த ஆபர்ன், சீசனுக்குள் அலபாமாவையும் ஜெயித்திருந்தது, ஜார்ஜியாவையும் ஜெயித்திருந்தது. அந்த ஆண்டு இறுதி ஆட்டம் ஆடியது யார்? அலபாமாவும் ஜார்ஜியாவும்! யு.சி.எஃப். தன்னைத் தானே தேசிய சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு ஊர்வலம் விட்டது. சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது, 2023இன் ஃப்ளோரிடா ஸ்டேட். இது இன்னும் கொடுமை. சின்னக் கூட்டணி அல்ல, ஏ.சி.சி. சாம்பியன், 13-0. நவம்பரில், அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் உடைந்தது. அவர் இல்லாமலும் ஜெயித்தார்கள். ஆனால் நான்காம் இடம், ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்குப் போனது. பெரிய கூட்டணி ஒன்றின் தோல்வியே காணாத சாம்பியன், நான்கு அணிப் பிளேஆஃபிலிருந்து விலக்கப்பட்டது அதுதான் முதல்முறை. மனம் வெறுத்துப் பல வீரர்கள் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவர்களோடு ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று உதை வாங்கினார்கள். உடனே ‘பார்த்தீர்களா, குழு சரியாகத்தான் செய்தது’ என்றார்கள். எப்படி ஐயா சரியாகும்? நீங்கள் கதவைச் சாத்தியதால் கலைந்துபோன அணி அது. அந்த 63-3ஐ ஆதாரமாகக் காட்டுவது அநியாயம். அதே சமயம், உள்ளே போன அலபாமா ரோஸ் பவுலில் மிச்சிகனிடம் ஓவர்டைமில்தான் தோற்றது. ஆகவே அலபாமா தகுதியற்ற அணி என்றும் நான் சொல்லவில்லை. தகுதியை மைதானத்தில் நிரூபித்தவனை விட்டுவிட்டு, ஊகத்தில் எடை போட்டார்கள் என்பதுதான் குறை.

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2023இல் மிச்சிகன், 2024இல் ஒஹாயோ ஸ்டேட், 2025இல் இண்டியானா. மூன்று ஆண்டு, மூன்று வெவ்வேறு கல்லூரிகள், மூன்றும் பிக் டென். ஒஹாயோ சட்டைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

2025 பிளேஆஃபில் எஸ்.இ.சி.க்கு ஐந்து இடம் கிடைத்தது. அவர்கள் ஜெயித்த ஆட்டங்கள் மூன்று. அலபாமா ஓக்லஹோமாவை ஜெயித்தது, ஓல் மிஸ் ஜார்ஜியாவை ஜெயித்தது. இரண்டும் உள்வீட்டுச் சண்டை, நம் 64-64 கணக்கு மாதிரிதான். வெளியாரை ஜெயித்தது ஒன்றே ஒன்று, ஓல் மிஸ் துலேனை. மற்றபடி டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மியாமியிடம் 10-3 என்று தோற்றது, ஓல் மிஸ் மியாமியிடம் 31-27 என்று தோற்றது, அலபாமாவை இண்டியானா 38-3 என்று துவைத்து எடுத்தது. ஐந்து இடம் அதிகம் என்று சொல்ல இது போதுமா? ஆசைதான். ஆனால் நான்கே ஆட்டம். நான்கு ஆட்டத்தை வைத்து 16 அணிகளுக்குத் தீர்ப்பு எழுதினால், நானும் அந்தக் கோஷக்காரர்கள் மாதிரிதான் ஆவேன்.

மியாமியைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. ஏ.சி.சி. அந்த ஆண்டு எல்லோருக்கும் கேலிப் பொருள். மியாமி தன் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்துக்கே தகுதி பெறவில்லை. பட்டம் வென்ற டியூக், அந்த வெற்றியையும் சேர்த்து 8-5. அதனால் ஏ.சி.சி. சாம்பியனை ஒதுக்கிவிட்டு, சன் பெல்ட் என்ற சின்னக் கூட்டணியின் சாம்பியன் ஜேம்ஸ் மேடிசனை உள்ளே எடுத்தார்கள். ஆனால் அதே ஏ.சி.சி.யின் மியாமி, ஏ அண்ட் எம், ஒஹாயோ ஸ்டேட், ஓல் மிஸ் மூன்றையும் சாய்த்துவிட்டு தேசிய இறுதி ஆட்டம் வரை போய், 27-21 என்றுதான் இண்டியானாவிடம் தோற்றது. மியாமி போனதால் ஏ.சி.சி. பலமான கூட்டணி ஆகிவிட்டதா? டியூக் பட்டம் வாங்கியதால் மியாமி பலவீனமான அணி ஆகிவிட்டதா? இரண்டும் இல்லை.

இண்டியானாவின் கதை இதைவிடச் சுவையானது. 2023இல் 3-9. தலைமுறைகளாக உதை வாங்கிய கல்லூரி. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். எங்கிருந்து? சன் பெல்ட்டின் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து. வரும்போது அங்கே ஆடிய பல வீரர்களையும் கூட்டி வந்தார். 2025இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா, ஏ.சி.சி.யின் கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்தவர். 16-0 என்று முடித்து, பிக் டென்னின் மூன்றாவது தொடர் பட்டத்தை வாங்கித் தந்த அணி இது. இந்தப் பலத்தை எந்தக் கூட்டணியின் கணக்கில் எழுதுவீர்கள்? மாணவர்கள் கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய விதி போய்விட்டது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே தன் வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கிறது. நல்ல ஆட்டக்காரர்களை அலபாமாவும் ஜார்ஜியாவும் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்து வளர்த்த காலம் முடிந்தது. அதே மாநிலத்தின் பர்டூவும் அதே பிக் டென்தான். 2024இல் இண்டியானாவிடம் 66-0, 2025இல் கூட்டணிக்குள் ஒரு வெற்றியும் இல்லை. இண்டியானாவின் கோப்பையில் பர்டூவுக்கு என்ன பங்கு?

அதோடு ஊரே மாறிவிட்டது. ஆரிகன், வாஷிங்டன், யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. நான்கும் 2024இல் பிக் டென்னுக்குப் போனதில், மேற்குக் கரையின் பேக்-12 கூட்டணி உடைந்தது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் ஆடுகிறது. பிக் டென்னுக்குள் வந்த முதல் வருடமே ஆரிகன் சாம்பியன். அது பிக் டென்னின் பலமா, உடைந்துபோன பேக்-12இன் பலமா?

பிளேஆஃபை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 12 அணி முறையில் முதல் நான்கு அணிகளுக்கு முதல் சுற்று ஓய்வு. 2024இல் ஆரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்குமே தங்கள் முதல் ஆட்டத்தில் தோற்றன. 2025இல் இண்டியானா தவிர மற்ற மூன்றும் தோற்றன. எட்டில் ஏழு! கான்ஃபரன்ஸ் பலவீனமா, மூன்று நான்கு வாரம் ஆடாமல் கை கால் மரத்துப்போனதா என்று யார் பிரித்துச் சொல்வது?

என்னை உண்மையில் கோபப்படுத்துவது எஸ்.இ.சி.யின் இன்னொரு அணியான டெக்ஸஸ் விஷயம் (ஏ அண்ட் எம் வேறு, இது வேறு). 2025 சீசனின் முதல் ஆட்டத்திலேயே, நடப்புச் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்கே போய் மோதி, 14-7 என்று தோற்றார்கள். பின்னால் ஓக்லஹோமாவையும் ஏ அண்ட் எம்மையும் ஜெயித்தார்கள். இரண்டும் பிளேஆஃப் போன அணிகள். ஆனால் டெக்ஸஸ் 9-3, வெளியே. ஃப்ளோரிடாவிடம் தோற்றது மன்னிக்க முடியாத தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொலம்பஸுக்குப் பதிலாக ஏதோ ஒரு சின்னக் கல்லூரியை வீட்டுக்கு அழைத்து அடித்திருந்தால் 10-2. கோச் சார்க்கீசியன் இதை வெளிப்படையாகவே சொல்லி ஆதங்கப்பட்டார். எஸ்.இ.சி. பெரியதா, பிக் டென் பெரியதா என்று நமக்கு நேர்மையாக ஏதாவது சொன்ன ஒரு சில ஆட்டங்களில் அது ஒன்று. அதை ஆடியவனுக்குத்தான் தண்டனை.

இதில் பணமும் இருக்கிறது. 2026இல் தொடங்கும் ஒப்பந்தத்தின்படி பிளேஆஃப் வருமானத்தில் எஸ்.இ.சி.க்கும் பிக் டென்னுக்கும் தலா சுமார் 29 சதவீதம். பிளேஆஃபை 16 அணியாக்கி, பிக் டென்னுக்கு 4, எஸ்.இ.சி.க்கு 4, மற்ற இரண்டு பெரியவர்களுக்குத் தலா 2 என்று இடத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்ற யோசனையும் 2025இல் ஓடியது. அது வந்தால் விவாதமே முடிந்துவிடும், யாரும் யாரோடும் ஆடிக் காட்ட வேண்டியதில்லை. எஸ்.இ.சி. 2026 முதல் உள் ஆட்டத்தை 9 ஆக்குகிறது. நம் 64-64 இனி 72-72. வெளியாரோடு ஆட மிஞ்சுவது மூன்று. அதில் ஒன்றாவது பெரிய கூட்டணி அணியோடோ நோட்ர டேமோடோ இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், அந்த மட்டில் நல்லது.

தேர்வுக் குழுவிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வேறு கூட்டணியின் பெரிய அணியோடு, அதுவும் அவன் ஊருக்கே போய் ஆடித் தோற்றால், அந்தத் தோல்வியைச் சின்னக் கல்லூரியை அடித்த வெற்றிக்குக் கீழே வைக்காதீர்கள். 2026 செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட், டெக்ஸஸின் ஊரான ஆஸ்டினுக்கு வருகிறது. தோற்பவர் யாராக இருந்தாலும், டிசம்பரில் அந்த ஆட்டத்தை எப்படிப் படிக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் போகிறோம்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.